மரதன் என்ற ஊரிலிருந்து

மரதன் என்பது ஓர் ஊரின் பெயர் என்று நாற்பது வயது தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்பு ஒரு நாள் காலையில் எங்கள் எல்லோரையும் வீதியில் ஓட விடுவார்கள். அதற்குப் பெயர் மரதன். ஓடி முடித்தவர்களுக்கு வாளியில் பிழிந்து சீனி கரைத்து வைத்த தேசிக்காய்த் தண்ணீர் கிடைக்கும். அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் ஒரு பொருள் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. கிரேக்கத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது, அங்கிருந்து ஏதென்ஸ் வரை நாற்பத்திரண்டு கிலோமீற்றர், இப்போதும் ஆண்டுதோறும் அந்தப் பழைய பாதையில் ஓடுகிறார்கள் என்று ஜேர்மனியில் இருக்கும் என் தங்கைதான் தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு, "அக்கா, என்னோட வந்து ஓடுறியோ?" என்று கேட்டாள்.

"ஓம், வாறன்" என்றேன்.

அவள்தான் "உண்மையாவோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் மறுப்பேன், மெல்ல மெல்லச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்து எடுத்திருப்பாள் போலிருக்கிறது.

நான் ஒரு குடும்பநல மாது. வீடு இலங்கையின் வடக்கில், கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஸ்கந்தபுரத்தில். கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் கிளினிக்கில் குழந்தைகளை நிறுப்பதும் என் வேலை. "நடவுங்கோ, நடந்தாத்தான் பிள்ளைக்கும் நல்லது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நான் ஸ்கூட்டியில் திரிந்தேன். இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் காலையில் வாய்க்கால் வீதியில் நடக்கத் தொடங்கினேன். ஒரு நாள் ஒரு நாய் துரத்தியது. ஓடினேன். நாய் களைத்து நின்றுவிட்டது. எனக்கு நிற்க மனம் வரவில்லை. அக்கராயன் குளக்கட்டு வரை ஓடிப்போய்த்தான் நின்றேன். அன்றிலிருந்து ஓட்டம்தான்.

என்னிடம் பிள்ளை பெற்ற தாய்மார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், ஆர் துரத்துறது?" என்று கேட்பார்கள். "வந்து சேர்ந்து ஓடிப்பாருங்கோ, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே போவேன். இரண்டு பேர் உண்மையாகவே வந்தார்கள். ஒருத்தி ஒரு கிழமையில் நின்றுவிட்டாள். மற்றவள் இன்றும் ஓடுகிறாள், என்னைவிட வேகமாக.

வீட்டில் கதையைச் சொன்ன அன்று அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவலை நிறுத்தாமலே கேட்டா: "ஓடினது காணாதே பிள்ளை? இன்னும் எங்கை ஓடப் போறாய்?"

யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஓடுவது என்றால் அதற்கு வேறு பொருள் உண்டு. 'அப்ப நாங்கள் ஓடேக்கை' என்று யாராவது கதையைத் தொடங்கினால், எதைச் சொல்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"அது துரத்தி ஓடினது அம்மா. இது நானா ஓடுறது" என்றேன்.

அம்மா அடுத்த பாதித் தேங்காயை எடுத்தா. பிறகு, இந்த ஓட்டம் எப்படித் தொடங்கியது என்று விசாரித்தா. போரில் வென்ற செய்தியைச் சொல்ல ஒரு வீரன் மரதனிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடினான், செய்தியைச் சொன்னதும் விழுந்து செத்துப்போனான் என்று சொல்வார்கள் என்றேன். "செத்துப் போனவனோ? அவன் ஓடின ரோட்டிலயோ நீயும் ஓடப் போறாய்?" என்று அம்மா துருவலையை விட்டு எழும்பிவிட்டா. பக்கத்தில் இருந்த என் கணவர், "இப்ப எண்டா ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லியிருப்பான், பாவம்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரேயொரு சிக்கல்தான் இருந்தது. அந்தப் பாதையில் பாதிக்கு மேல் ஏற்றம் என்று தங்கை சொன்னாள். வன்னியில் ஏற்றத்துக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் உயரமான இடம் குளக்கட்டு. ஓர் ஓட்டத்தில் ஏறினால் முடிந்துவிடும். நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது கணவர்தான் வழி சொன்னார்.

"இஞ்சரும், பூநகரிப் பக்கம் போவம். சோளகம் எழும்பீட்டுது. அந்தக் காத்துக்கு எதிரா ஓடிப்பாரும், மலை ஏறின மாதிரித்தான் இருக்கும்."

அவர் நெல் விதைக்கிறவர். சிறுபோக வயல் வேலை இல்லாத நாட்களில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பூநகரி வீதியில் கொண்டுபோய் இறக்குவார். அங்கே மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. ஒரு பக்கம் வயல்வெளி, மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வாயைத் திறந்தால் மண். காற்றுக்கு எதிராக ஓடும்போது பக்கத்தில் நடப்பவர்கூட என்னை முந்திவிடலாம் போலிருக்கும். அவர் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வருவார். எப்போதாவது வரும் பஸ்ஸின் சாரதி ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக.

ஐப்பசி தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை கிளிநொச்சியிலிருந்து ஏ-ஒன்பது வீதியில் மாங்குளம் வரை, முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, ஓடினேன். அதுவரை அவ்வளவு தூரம் ஓடியதில்லை. மாங்குளம் சந்தியில் ஒரு கடையில் உட்கார்ந்து பனங்கட்டியோடு பால் விடாத பிளேன்ரீ குடித்தபோது, இன்னும் கொஞ்சத் தூரம் கால்களில் மிச்சம் இருப்பது தெரிந்தது. ஏதென்ஸில் ஓடி முடிப்பேன் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

போகப்போகிறேன் என்ற கதை பரவியதும் ஊர் வேறொன்று பேசியது. மிஸ் போனால் திரும்பி வரமாட்டா, தங்கச்சி அங்கேதானே இருக்கிறா என்றார்கள். கிளினிக்கில் ஒரு தாய் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "வருவன். உன்ர பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேற ஆர் இருக்கினம்?" என்றேன். கொழும்பில் விசாவுக்குப் போனபோது அங்கிருந்த பெண் அதிகாரி வேறு விதமாகக் கேட்டார்: முதல் தடவையே ஏன் இவ்வளவு கடினமான பாதையைத் தெரிந்தெடுத்தீர்கள்? "தொடங்கின இடத்திலயே தொடங்கலாம் எண்டுதான்" என்றேன். அவர் அதை ஒருவிதமாக ரசித்தார். விசா கிடைத்தது.

தங்கை ஏதென்ஸ் விமான நிலையத்தில் எனக்காக நின்றாள். தினமும் திரையில் பார்த்த முகம்தான். ஆனால் கட்டிப்பிடித்தபோது அவள் என் தோளளவே இருந்தாள். போகும்போது இருபது வயதுப் பெட்டை. இப்போது முன்தலையில் நரை. முதல் நாள் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பேசினோம். ஓட்டத்துக்கு முன் மாச்சத்துள்ள சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக் குசினியில் அவள் ஏதோ ஒன்றை அவிக்கப் பார்த்தாள். நான் அரிசிமாவும் பனையோலை நீத்துப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன். அதில் புட்டு அவித்து வாழைப்பழத்தோடு வைத்தேன். இரண்டு நீத்துப்பெட்டி அளவு அவளே சாப்பிட்டாள்.

ஓட்டத்தன்று காலை எங்களை பஸ்களில் ஏற்றி மரதன் ஊருக்குக் கொண்டுபோனார்கள். சின்ன ஊர். குளிரில் எனக்குப் பல் அடித்தது. தங்கை தன் மேலங்கியை என் மேல் போட்டாள். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சனம். இவ்வளவு சனம் ஒரே வீதியில் ஒரே பக்கம் பார்த்து நிற்பதை நான் முன்பும் கண்டிருக்கிறேன். அப்போது ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. இங்கே எல்லோரும் சிரித்தார்கள், பாட்டுக்கு ஆடினார்கள், முன்பின் தெரியாதவர்களோடு படம் எடுத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

தங்கை ஜேர்மனியில் ஓட்டக்காரர் சங்கம் ஒன்றில் இருப்பவள். பல தடவை ஓடி முடித்தவள். அவரவர் வேகத்தில் ஓடுவது, முடிவில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். வெடி கேட்டதும் அவள் கூட்டத்துக்குள் மறைந்துபோனாள். நான் என் பாட்டில் ஓடினேன். அந்தப் பழைய போரில் இறந்தவர்களைப் புதைத்த மண்மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பாதை போனது. அந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அதைக் கடந்தால் வீதியோரம் முழுக்க ஆட்கள். ஒரு பெண் ஓடிவந்து ஒலிவ் மரத்தின் சிறு கொப்பு ஒன்றை என் கையில் தந்தாள். அதைக் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

பிறகு ஏற்றம் தொடங்கியது. உச்சி கண்ணில் தெரிகிற மலையாக இருந்தால் மனதைத் தயார் பண்ணலாம். இது வளைவுக்கு வளைவு ஏறிக்கொண்டே போனது. அன்று பார்த்து வெயிலும் எறித்தது. குளிர் நாடுகளிலிருந்து வந்தவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சிலர் ஓரத்தில் நின்று வாந்தி எடுத்தார்கள். எங்கள் தை மாதத்து வெயில் அளவுகூட இல்லை அது. எனக்கு அப்போதுதான் குளிர் விட்டு உடம்பு இளகியது. பிரசவ வலியில் துடிக்கும் தாய்மாருக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: அவசரப்படாதேங்கோ, மூச்சை வடிவா விடுங்கோ, இந்த ஒண்டை மட்டும் பாருங்கோ. ஒவ்வொருவராகத் தாண்டினேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஏற்றத்தின் முக்கால்வாசியில், வீதியோரக் கட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நீ போ அக்கா. எனக்கு ஏலாது. பின்னால பஸ் வரும், நான் ஏறி வாறன்."

நான் பக்கத்தில் குந்தினேன். கால் கல்லாக இறுகியிருந்தது. பாதத்தை நிமிர்த்திப் பிடித்து, மெல்ல மெல்ல உருவி விட்டேன். இடுப்புப் பையில் பனங்கட்டியும் உப்பும் வைத்திருந்தேன். ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, பனங்கட்டித் துண்டை வாயில் போட்டுவிட்டேன்.

"உன்ர நேரம் போகுது" என்றாள்.

"என்ர நேரத்தை ஆர் கேட்டது? எழும்பு. ஓட வேண்டாம், நடப்பம்."

எழும்பினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். எங்களைத் தாண்டியவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, அப்ப அம்மா என்னண்டு நடந்தவா?"

அவள் அந்தக் கடைசி யுத்தத்துக்கு முன்பே வெளிநாடு போய்விட்டாள். இத்தனை வருடமாக இதை அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. போனில் சாப்பாடும் மழையும் கலியாண வீடுகளும்தான் பேசியிருக்கிறோம்.

"ஸ்கந்தபுரத்தில இருந்து விசுவமடு மட்டும் நடந்தவா. பேந்து ஏலாமப் போச்சு. சைக்கிள் கரியரில இருத்தி நான் தள்ளினனான். மழை பெய்து வீதியெல்லாம் சேறு. சில்லு புதையும். அப்ப அம்மா இறங்கி நிப்பா, நான் தூக்கி எடுப்பன், திரும்ப ஏறுவா. அப்பிடியே போனனாங்கள்."

"நீ அழேல்லையோ?"

"அழுறதுக்கு நிக்கோணுமெல்லே? நிக்க இடமில்லை."

கொஞ்சத் தூரம் போன பிறகு அவள் சொன்னாள்: "அந்த மாசங்களில உங்கட கோல் ஒண்டும் வரேல்லை. இருக்கிறியளோ இல்லையோ எண்டும் தெரியாது. என்னால ஒரு அறைக்குள்ள இருக்க முடியேல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடுவன். பனிக்குள்ள, எங்கை போறன் எண்டு தெரியாம. அப்பிடித்தான் நான் ஓடத் தொடங்கினனான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

என் தங்கை ஏதோ ஜேர்மன் நாட்டுப் பழக்கத்தில் ஓடுகிறாள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் தோளை இறுக்கிப் பிடித்தேன். இருவருக்கும் கண்ணீர் வந்தது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டோம்.

ஏற்றம் முடிந்த இடத்தில் அறிவிப்பு ஒன்றும் இல்லை. கால்கள்தான் சொல்லின. வீதி கீழே இறங்கத் தொடங்கியிருந்தது, தூரத்தில் நகரம் வெயிலில் வெளிச்சமாகத் தெரிந்தது. "இப்ப ஓடிப் பாப்பமோ?" என்று அவளே கேட்டாள். மெதுவாக ஓடினோம். இறக்கத்தில் என் கால்விரல் நகங்கள் சப்பாத்துக்குள் அடிபட்டு நொந்தன, தொடைகள் நடுங்கின. இப்போது எனக்கு ஏலாமல் வர, அவள் எனக்குத் தாளம் போட்டாள். "வா அக்கா, வா, கெதியா, விடாத."

முடிவு ஒரு பழைய விளையாட்டரங்கத்துக்குள். முழுக்க வெள்ளைப் பளிங்குக் கல். உள்ளே திரும்பியதும் இரண்டு பக்கமும் படி படியாகச் சனம் எழும்பிக் கை தட்டியது. அந்தச் சத்தத்துக்குள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினோம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். நான் நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். பயமோ பதற்றமோ ஒன்றும் இல்லை. நினைத்ததைச் செய்து முடித்த திருப்தி மட்டும் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

வீட்டுக்கு அழைத்தோம். அம்மா திரைக்கு மிக அருகில் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "இரண்டு பேரும் உசிரோடதானே இருக்கிறியள்?" என்றா. "ஓம்" என்றாள் தங்கை. பிறகு, எனக்குக்கூட முன்பே சொல்லாமல், "அம்மா, வாற ஆடிக்கு நான் வீட்டை வாறன்" என்றாள். இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வருவதற்கென்று அவள் ஒரு மாதத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா தொலைபேசியை என் கணவரிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா.

ஊர் திரும்பி அடுத்த கிளினிக் நாளில், குழந்தைகளை நிறுக்கக் கதிரையிலிருந்து எழும்புவதே பெரும்பாடாக இருந்தது. காத்திருந்த தாய்மார் பதக்கத்தைக் கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள்.

"மிஸ், எத்தினையாம் இடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது தெரியாது. எனக்குப் பின்னாலையும் கனபேர் வந்தவை" என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பதக்கத்தைத் தன் குழந்தையின் கழுத்தில் போட்டு ஒரு படம் எடுத்தாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.