வெங்காயக் குழம்பும் வசந்தி டொக்டரும்

“மாஸ்டர், நாய் டொக்டர் மோசம் போயிட்டா.” நெளுக்குளம் கடையடியில் சைக்கிளை நிறுத்தி எனக்கு இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னவர் கெட்டவரல்லர். அவருடைய பசு கன்றை ஈன முடியாமல் தவித்தபோது, சேற்றில் முழந்தாளிட்டுக் கன்றை இழுத்தெடுத்தவர் வசந்தி டொக்டர். அப்படியிருந்தும் அவர் வாயில் வந்த பெயர் அதுதான்.

வசந்தி டொக்டர் எங்கள் ஊரின் கால்நடை வைத்தியர். அந்தப் பட்டப்பெயரில் இருந்த இளக்காரம் அவருக்கு ஒருபோதும் கோபமூட்டவில்லை. எனக்கு மூட்டுகிறது.

ஒரு கந்தசஷ்டி. ஆறு நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. வழமையாக மீன்சோறு தின்னும் எங்கள் நாய் வீமனுக்கும் நாங்கள் உண்ட வெங்காயக் குழம்புச் சோறுதான். ஆறாம் நாள் அவன் எழும்பவில்லை. பல்முரசு வெளிறி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் நஞ்சு வைத்துவிட்டார் என்று வேலிக்கு மேலால் ஏசினேன்.

டொக்டர் வந்து வீமனின் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

“என்ன குடுத்தனீங்கள், மாஸ்டர்?”

“நாங்கள் சாப்பிட்டதுதான். வெங்காயக் குழம்பு.”

“அப்ப நஞ்சு வைச்சது நீங்கள்தான்.”

“அவிஞ்ச வெங்காயம்தானே, டொக்டர்?”

“அவிச்சாலும் பொரிச்சாலும் வெங்காயமும் உள்ளிப்பூண்டும் லீக்ஸும் நாய்க்கு ஆகாது. ரத்தத்தைக் கெடுக்கும். விரதம் உங்களுக்கு. நாய்க்கு ஆர் காப்புக் கட்டினது?”

பிறகு குரலைத் தணித்து, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “மரக்கறி குடுக்கிறதெண்டால் பூசணி, கரட், போஞ்சி. உப்பும் தூளும் போடாமல் அவிச்சு, சின்னனா வெட்டி, கொஞ்சமாக் குடுங்கோ. மீனுக்குப் பதிலா இல்லை, மீன்சோத்தோட. இப்ப முதல்ல அடுத்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கோ.”

போய்க் கேட்டேன். வீமன் பிழைக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பித்தே ஓய்வுபெற்றவன் நான்.

அன்னதானத்தில் மிஞ்சும் குழம்பைத் தெருநாய்களுக்கு ஊற்ற வேண்டாம் என்று டொக்டர் கோயிலடியில் கேட்டதும் எனக்குத் தெரியும். “நாய்க்கும் தனிப் பந்தியோ, டொக்டர்?” என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அடுத்த வருடமும் போய்க் கேட்டார். அடுத்த வருடமும் சிரித்தார்கள்.

அவருடைய இறுதிச் சடங்கில் அதே மனிதர்கள் ஒலிவாங்கியைப் பிடித்து “வாயில்லாச் சீவன்களின் தாய்” என்று முழங்கினார்கள். நான் பின்வளவுக்குப் போனேன். டொக்டரின் நாய் கறுப்பிக்கு முன்னால், ஒரு வாழையிலையில், வந்தவர்கள் உண்டு மிஞ்சிய குழம்புச் சோறு. குழம்பு முழுக்கச் சின்ன வெங்காயம். கறுப்பி வாய் வைக்கும் நேரம் இலையை இழுத்தெடுத்தேன்.

சோறு வைத்தவர் கேட்டார்: “செத்த வீட்டில நாய்ச் சோத்துக்கும் சண்டையோ, மாஸ்டர்? பாவம், ரெண்டு நாளாப் பட்டினி கிடக்குது.”

“ஓம், சண்டைதான்!” என்று கத்தினேன். முன்னால் உரை நின்றுபோனது. நிற்கட்டும். அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன ஒரே ஒரு விடயத்தை அவருடைய சொந்த வளவிலேயே ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கறுப்பிதான். அன்று பின்னேரமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றுத்தான் பூசணித் துண்டு பிசைந்த மீன்சோற்றை முழுதாகத் தின்றாள். அவரை அறிந்தவர்களே, உங்கள் வீட்டில் மரக்கறி காய்ச்சும் நாளில் நாயின் சட்டியைக் குனிந்து பாருங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் தயவுசெய்து அவரைத் தாய் என்று சொல்ல வேண்டாம்.