கேந்திமாலை ஏறாத குழாய்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் ஒரு கோடையில், அங்கிருந்த பேராசிரியர் புன்னைக்காயல் கழிமுகத்தில் குழாய் இறக்கிச் சேறு எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பழங்காலத்து மகரந்தம் அதில் இருக்குமாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் விழுகிற பூ ஒரு மழைக்கு மக்கிப்போகிறதே. அவர் பொறுமையாகச் சொன்னார்: மகரந்தத்தின் உள்சத்து சீக்கிரம் அழிந்துவிடும், மேல்தோடுதான் கெட்டி. காற்றுப் புகுகிற மணலில் நனைந்து காய்ந்து, பூஞ்சை தின்று, அதுவும் போய்விடும். காற்றே புகாத கறுப்புச் சேற்றிலோ ஆயிரக்கணக்கான வருஷம் கிடக்கும். ஆனால் இன்றைய பூந்தூள் கலந்தால் எல்லாம் வீண்.

அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று. துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தேன். தலையில் பூவோடு கிட்டே வராதே என்று சொல்லப்போய், வீட்டுக்காரி பேச்சையே நிறுத்திவிட்டாள்.

கரைக்குப் போனால், எங்களைப் படகில் கூட்டிப்போக வேண்டிய வள்ளக்காரர் குழாய்க்குப் போட மஞ்சள் கேந்திப்பூ மாலையோடு நிற்கிறார். புதுச் சாமானை மாலை போடாமல் தண்ணீரில் இறக்க மாட்டாராம். பேராசிரியர் எவ்வளவோ சொல்லியும், மாலை இல்லையென்றால் வள்ளம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வேறு வள்ளமும் அன்று கிடைக்கவில்லை.

கேந்தியைத் தொட்டாலே கையெல்லாம் மஞ்சளாகும். அப்போதுதான் வருகிற வழியில் மாதா கோயிலில் சிலையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"அண்ணாச்சி, மாதா சுரூபத்துல காயிதப்பூ மாலைதான கெடக்கு. மாதாவுக்கே ஆகும்னா குழாய்க்கு ஆவாதா?"

அவர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். கோயிலுக்குக் காகிதப்பூ கட்டுவதே அவர் சம்சாரம்தான். பழைய மாலையில் தூசி இருக்குமே என்று பயந்து, புதுக் காகிதத்தில் கட்டித் தரச் சொன்னேன். கேந்தி தொட்ட கையென்று வள்ளக்காரரைச் சோப்புப் போட்டுக் கழுவவும் சொன்னேன். பொண்ணு பார்க்கவா போகிறோம் என்று முனகிக்கொண்டே கழுவினார். காகித மாலையோடு குழாய் இறங்கியது.

கல்லூரியில் அந்தச் சேற்றைச் சுத்தம் செய்து முடித்ததும், பேராசிரியர் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். "கேந்தி இருக்கா சார்?" என்றுதான் முதலில் கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்றார். இருந்தது உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளர்கிற கண்டல் மரத்து மகரந்தம். உள்ளே ஒன்றுமில்லை, தோடு மட்டும் முழுசாக நின்றது. நாங்கள் குழாய் இறக்கிய இடத்தில் இப்போது ஒரு கண்டல் செடியும் கிடையாது.

பிறகு வள்ளக்காரர் டவுனுக்கு வந்தபோது, அனுமதி கேட்டு அவரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"மாலை போட்ட அடையாளமே காணோமே, லே."

"அதுக்குத்தான அண்ணாச்சி அந்தப் பாடுபட்டோம்" என்றேன். அன்று பூ வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.