அண்ணன் கொடுத்த பட்டியல்

என் அண்ணன் அரசியலுக்கு வந்தது தண்ணீர் பங்கிட்டுத்தான். இதைச் சொன்னால் பட்டணத்து ஆட்கள் சிரிப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர் வட்டைக்கு அவர் வட்டவிதானையாக இருந்தார். வட்டை என்றால் பலருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் பெருவெளி. எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையைத் தின்றது என்பதையெல்லாம் தீர்த்துவைப்பது விதானையின் வேலை. விவசாயிகள் கூடிக் கை உயர்த்தி அவரைத் தெரிவு செய்வார்கள். கூலியாக அறுவடைக்குப் பிறகு ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுப்பார்கள். ஏச்சு மட்டும் வருடம் முழுவதும் கிடைக்கும்.

எங்கள் வட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. விதானையின் வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் பாய வேண்டும். எழுதிய சட்டமில்லை. ஆனால் முந்திப் பாய்ச்சியவருக்கு அடுத்த கூட்டத்தில் ஒரு கையும் உயராது. அண்ணன் இதில் அளவுக்கு மிஞ்சிய பிடிவாதக்காரர். குளம் வற்றிய ஒரு வருடம் ஊரெல்லாம் ஓரளவுக்காவது அறுத்தது, எங்கள் குடும்பத்து வயல் மட்டும் கதிர் தள்ளுமுன்பே கருகிப்போனது. அண்ணி மூன்று நாள் அவருடன் பேசவில்லை. நான் அண்ணன் பக்கம் நின்று அண்ணிக்குப் புத்தி சொன்னேன். அப்போது நான் கடலோரக் கல்லடியில் கலியாணம் முடித்து இருந்தவள். கருகிய வயலில் எனக்குப் பங்கு இல்லையே.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நானும் மகனும் பாலம் தாண்டிச் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினோம். வீட்டில் இருந்த என் கணவர் தப்பவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் வேறு எதையும் எழுத முடியாமல் போகும். நாங்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தோம். மறுநாள் அண்ணன் உழவு மெசின் பெட்டியில் அரிசியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். என்னையும் மகனையும் ஊருக்கு அழைத்துப் போகத்தான் வந்தார். ஆனால் வாசலில் நடந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

லொறிகள் வந்து சாமான்களை வீசின. பலம் உள்ளவன் பிடித்தான், பிள்ளை பெற்றவளும் வயதானவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் மண்வெட்டிப் பிடியால் நிலத்தில் ஒரு கோடு கீறினார். இந்தக் கோட்டைத் தாண்டி ஒருவரும் வர ஒண்ணா என்றார். அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் நின்றார்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, தூரத்தில் நிற்பவர்களுக்கு முதலில் கொடுத்தார். எழுதியது நான். அண்ணனின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். நானோ பாலர் பாடசாலை ஆசிரியை, உருட்டி உருட்டி எழுதுவேன். கூடாரம் வந்தபோது எனக்கும் மகனுக்கும் கடைசிக் கூடாரம். அதுவரை மழையில் விறாந்தையில்தான் படுத்தோம். "சொந்தத் தங்கச்சிக்குக் கடைசியாத்தான் குடுத்தாரு" என்று சனங்கள் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். எல்லாம் இழந்து நின்ற எனக்கு அந்தப் பேச்சு பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மிகவும் பெருமையாக இருந்தது.

அண்ணனின் பெயர் வாவியின் இரு கரையிலும் பரவியது அப்படித்தான். கிழக்கில் சண்டை ஓய்ந்து மாகாண சபைத் தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்கள் அவருடைய வாசலுக்கு வந்தார்கள். அவர் இருவரையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். "எனக்கு வாய்க்கால் தெரியும், மேடை தெரியாது" என்றார்.

அவரைத் தள்ளியது நான். என் மகன் சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலை கிடைத்து வன்னிக்குப் போனவன். மறுபடி சண்டை மூண்டு பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். இயக்கத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

"நீங்க உள்ள போனாத்தான் அண்ண, என்ட புள்ளையப் பத்திக் கேக்க நமக்கு ஒரு வாய் இரிக்கும்" என்றேன்.

"சரி புள்ள, உனக்காக எண்டா நிண்டு பாக்கன்" என்றார். ஊருக்கு உழைக்கப் புறப்பட்டவர் என்று பிற்பாடு பத்திரிகையில் எழுதினார்கள். என் மகனுக்காகப் புறப்பட்டவர் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

வென்றார். வெள்ளைச் சட்டை தைத்தோம். இரண்டு மெய்க்காவலர்கள் வந்தார்கள், அவர்கள் வந்ததும் அவர் வயலுக்குள் இறங்குவது நின்றது. சபைக்குத் திருகோணமலைக்குப் போவார், வருவார். வாய்க்கால் திருத்தம், யானை வேலி, பள்ளிக்கூடக் கூரை என்று கடிதம் கடிதமாக நான் எழுதிக் கொடுத்தேன். கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் வரும். வட்டைக் கூட்டத்தில் கை உயர்த்தினால் அடுத்த கிழமை வாய்க்காலில் தண்ணீராக அது தெரியும். அந்தச் சபையில் உயர்த்திய கை எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில் அவர் சபையில் வாய் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளைக்குத்தான் கேடு என்று சொன்னார். நானும் திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சண்டை முடிந்தது. ஒரு மாதம் கழித்து, முகாமிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் என் மகனின் துண்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள். சரணடைந்தவர்களோடு தடுப்பு முகாமில் இருக்கிறேன், காயமில்லை, அவ்வளவுதான். நான் அந்தத் துண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் தடுப்பு முகாம்களுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி அண்ணனை அழைத்தார். உங்கள் பகுதிப் பிள்ளைகளில் நீங்கள் பொறுப்பு நிற்கக்கூடியவர்களின் பெயரைத் தாருங்கள், அவர்களை முதலில் விடுவதற்குப் பார்க்கிறோம் என்றாராம். செய்தி எப்படியோ பரவி, மறுநாள் காலை அண்ணன் வீட்டு முற்றம் முழுக்கத் தாய்மார். நான் மேசை போட்டு, கோடு கீறிய நீளத் தாளில் எழுதத் தொடங்கினேன். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர். ஒவ்வொரு தாயும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எழுத்துச் சரியா என்று கேட்டாள்.

பாதியில் அண்ணன் என் பக்கம் குனிந்தார். "உன்ட மகன்ட பேர எங்க போடுற எண்டு நீயே பாத்துப் போடு புள்ள" என்று சத்தமில்லாமல் சொன்னார்.

கடைசியில் போடு என்று அவர் சொல்லவில்லை. இதை நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் போடு என்றும் சொல்லவில்லை. பேனை என் கையில் இருந்தது. நான் நிமிர்ந்தேன், முற்றம் முழுவதும் என்னைத்தான் பார்த்தது. எல்லாப் பெயரும் எழுதி முடிந்தபோது முதல் தாள் நிறைந்துவிட்டது. இரண்டாம் தாளை எடுத்து அதில் என் மகனின் பெயரை மட்டும் எழுதினேன். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானே வளரும்" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் சிரித்தேன்கூட.

மூன்றாம் கிழமை பஸ் வந்தது. முதல் தாளில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இறங்கினார்கள். தாய்மார் குழறி அழுதது பாலத்தடிவரை கேட்டிருக்கும். நான் பஸ்ஸின் கடைசி இருக்கைவரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

அண்ணன் அந்த அதிகாரியிடம் ஓடினார். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தாள்தான், இரண்டாம் தாள் என்று ஒன்று இருக்கவில்லை என்றார்களாம். வழியில் கழன்றதா, மேசையில் கழற்றினார்களா, இன்றுவரை தெரியாது. புதிதாகக் கடிதம் கொடுத்தார். இனி எல்லாம் ஒழுங்குமுறைப்படிதான் என்றார்கள். அதற்குள் மகனை இன்னும் தூரத்து முகாம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று அண்ணன் வீட்டில் நின்று கத்தினேன். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உங்கட விதானை ஞாயத்துக்கு என்ட புள்ளதான் கிடைச்சானா?"

"எழுதினது நீதானே புள்ள" என்றார் அவர். சொன்ன உடனே முகம் கறுத்துப்போனது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. உண்மை என்பதால்தான் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டு வாசல் படலையை நான் தாண்டவில்லை.

மகனைப் பார்க்க இரண்டு தடவை போனேன். பத்து நிமிடம் தருவார்கள், பக்கத்தில் ஒருவர் நிற்பார். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை என்றான். பக்கத்தில் ஆள் நிற்பதால் பேசுகிறான் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த தேர்தல் வந்தது. கூட்டத்துக்கு வரச் சொல்லி அண்ணி கெஞ்சியதால் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். கட்சிப் பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "சொந்த மருமகனின் பெயரைக் கடைசியில் போட்ட மனிதர் இவர்! அந்த மருமகன் இன்றைக்கும் உள்ளே இருக்கிறான். இப்படி ஒரு தலைவனை எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டார். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவளும் தட்டினாள், நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அண்ணன் மேடையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நிறுத்து என்று அவர் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையில் ஏறி அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கியிருப்பேன். ஏறவில்லை. வாக்கும் அவருக்குத்தான் போட்டேன். பிள்ளை உள்ளே இருக்கும்போது வேறு யாருக்குப் போடுவது? முந்தியதைவிடக் கூடுதல் வாக்கில் வென்றார்.

தேர்தல் முடிந்து சில வாரத்தில் மகனை விட்டார்கள். ஒழுங்குமுறைப்படிதான், அண்ணனின் கடிதத்தால் அல்ல. அண்ணன் தன் வாகனத்தில் அழைத்துவந்து வாசலில் இறக்கினார். உள்ளே வரவில்லை. நானும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை நான் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பெயர் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். மகன் வந்து பக்கத்தில் குந்தி, ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தான். வந்ததிலிருந்து அவனாகப் பேசியது அப்போதுதான்.

"அம்மா, மாமா குடுத்த லிஸ்ட எங்கட முகாம்ல ஒட்டி இரிந்தாங்க. உங்கட எழுத்தெண்டு கண்ட உடன தெரிஞ்சிட்டு. என்ட பேரத் தேடினன். மேல இரிந்து கீழ, மறுகா கீழ இரிந்து மேல. இல்ல. எல்லார்ர பேரையும் எழுதிட்டு என்ன விட்டிட்டீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிட்டு இரிந்தன்."

"ரெண்டாம் தாள்ல இரிந்திச்சி மனே. கடைசியா எழுதினன், உன்ட பேர மட்டும் தனிய" என்றேன்.

"ஏனம்மா கடைசியா?"

அண்ணனைச் சொல்லலாம், வட்டை வழக்கத்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

"எல்லாரும் என்னப் பாத்துக்கிட்டு இரிந்தாங்க மனே" என்றேன்.