கோவிந்தன் வெட்டிக் காட்டிய புளியமரம்

இன்சூரன்ஸ் சர்வேயராக நான் தனியாகப் போன முதல் கிளெய்ம், செஞ்சியில் சிங்கவரம் ரோட்டோரம் ஒரு தையல் கடை. முந்தின நாள் சாயங்காலம் ஊரில் பலத்த காற்று. பக்கத்து வீட்டுப் புளியமரம் கடையின் ஷீட் கூரை மேல் விழுந்து, இரண்டு தையல் மெஷினும் நசுங்கிக் கிடந்தன. கடைக்காரர் பிலோமினா. ஆவணி முகூர்த்தத்துக்கு ஊர்ப்பட்ட ரவிக்கைகளுக்கு அளவெடுத்து வைத்திருந்தார். மெஷின் இல்லையென்றால் பிழைப்பு படுத்துவிடும்.

ஆனால் மெஷின் போன கவலை அவர் பேச்சில் இல்லை. மரத்துக்காரர் கோவிந்தனைப் பற்றித்தான் பேசினார்.

“எழுதிக்குங்க சார். காத்துலாம் ஒண்ணும் இல்ல. உளுத்துப்போன மரம், தானா விழுந்துச்சு. ரெண்டு வருசமா வெட்டுய்யா வெட்டுய்யான்னு சொல்றேன், அந்தாளு காதுல வாங்கல. அவருதான் மெஷின் வாங்கிக் குடுக்கணும்!”

பிலோமினாவின் கடை பாலிசி காற்றால் வந்த சேதத்துக்குப் பணம் தரும். உளுத்து விழுந்த மரத்துக்குத் தராது. உளுத்தது தெரிந்தும் விட்டு வைத்திருந்தால் கோவிந்தன் பொறுப்புதான். ஆனால் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் எத்தனையோ ஆவணி போய்விடும். நல்ல மரம் காற்றில் சாய்ந்திருந்தால் அவர் மேல் தப்பே இல்லை. இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“அப்ப அந்தாளு தப்பிச்சுக்குவாரா? இன்னா சார் சட்டம் இது?”

சொன்னதை மாற்ற மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றார். மாற்றச் சொல்ல எனக்கும் உரிமையில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கோவிந்தன் காதில் ‘உளுத்துப்போன மரம்’ மட்டும்தான் விழுந்திருக்கிறது; கோடாலியோடு வந்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

“எங்க நைனா வச்ச மரம் சார் இது. உளுத்ததா? நீங்களே பாருங்க!”

அடிமரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். கோடாலி மாட்டிக்கொண்டது. பிடுங்கி இன்னொரு இடத்தில், பிறகு மற்றொரு இடத்தில். எங்கும் பொந்து இல்லை, பூச்சி அரிக்கவில்லை. உள்ளே வைரம் பாய்ந்த கட்டை. வேரும் பச்சையாக மண்ணோடு பெயர்ந்திருந்தது. ஒவ்வொரு வெட்டையும் போட்டோ எடுத்தேன். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டு அம்மாவின் கிளெய்முக்கு, வேர்க்க விறுவிறுக்கச் சாட்சி தயாரித்துக்கொண்டிருந்தார் மனிதர். அது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

“இப்ப சொல்லச் சொல்லுங்க சார்!”

பிலோமினா வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நசுங்கிய மெஷினைப் பார்த்தார். “நல்ல மரந்தான். காத்துதான் தள்ளியிருக்குது. எழுதிக்குங்க” என்றார். கசாயம் குடித்த முகம். எனக்குப் பாவமாக இருந்தது.

கிளெய்ம் பாஸாகி, ஆவணிக்கு முன்பே புது மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“மெஷின் கெடக்குது, வுடுங்க சார். அந்தாளு மேலதான் தப்புன்னு ஒரே ஒரு வரி, கம்பெனி சீல் போட்டுக் குடுக்க முடியுமா? ஃப்ரேம் போட்டு அவரு வாசலப் பாத்த மாதிரி மாட்டணும்.”

அதற்கு எங்களிடம் ஃபாரம் கிடையாது.

புதிதாக வரும் சர்வேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். மரம் விழுந்த கேஸ் என்றால், மரத்துக்காரர் காதில் விழுகிற மாதிரி மரத்தைப் பற்றி ஒரு குறை சொல்லுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டால் போதும்.