எட்டாம் நாள் வந்த பீட்சா

அண்ணா செத்த எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பீட்சா வந்தது. அதைச் செய்து கொண்டுவந்தவரைக் கள்ளன் என்று நான் நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், தையல் கடையில் வேலை. எழுதிப் பழக்கமில்லை. மனதில் இருப்பது இருக்கிறபடி வரட்டும்.

எங்களில் எட்டுச் செலவு என்று ஒன்று செய்வார்கள். இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் வாழையிலையில் படைப்பது. அம்மா கணவாய்க் கறி வைத்தார், முட்டை பொரித்தார், சிவப்புச் சோடா ஒரு போத்தல் வாங்கி வைத்தார். மாமா ஒரு சிகரெட் பெட்டியைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தபோது அம்மா வேறு பக்கம் பார்த்தார். அந்த நேரம்தான் கிண்ணியாவிலிருந்து அண்ணாவின் கூட்டாளி வந்தார். அண்ணாவோடு ஒரே பேக்கரியில் வேலை, ஒரே உதைபந்து அணி. அவர் கோல் காக்கிறவர், அண்ணா முன்னுக்கு ஓடுகிறவன். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். கையில் பீட்சாப் பெட்டி.

"இது இல்லாம அவனுக்கு எப்படிம்மா படைக்கிற" என்றார். அம்மா அழுதுகொண்டே அதை முழுசாக இலையின் நடுவில் வைத்தார்.

படைத்து முடிந்து எல்லோருக்கும் பங்கு வந்தது. நான் ஒரு கடி கடித்தேன்.   அது அண்ணாவின் கைச்சுவை, அச்சொட்டாக அதேதான். நான் நிமிர்ந்து நானாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணா நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் இரண்டு வருடம் கோப்பை கழுவினான். அங்கே பார்த்துப் பழகியதை உள்துறைமுகப் பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுவந்தான். பாண் சுடுகிற பெரிய விறகு அடுப்பைத்தான் போறணை என்போம். மத்தியானப் பாண் இறக்கிய பிறகு சூடு கொஞ்சம் தணிந்து நிற்கும், அதுதான் பீட்சாவுக்குச் சரி என்பான். மேலே கணவாய், கறிவேப்பிலை, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். அதை யாரும் பார்த்துச் செய்யலாம். அடியில் பூசுகிற சோஸில்தான் விஷயம். போறணைச் சாம்பலில் கத்தரிக்காயைச் சுட்டு, தோலை உரித்து, மசித்துத் தக்காளியோடு சேர்ப்பான். அதை எனக்கு மட்டும்தான் சொன்னான்.

"கத்தரிக்காய் எண்டு தெரிஞ்சா ஊரில ஒருத்தனும் தின்னமாட்டான். வாயைத் திறந்தியோ, துலைஞ்சாய்" என்றான்.

நான் திறக்கவில்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இரண்டு விஷயத்தில் கதை தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஒன்று இந்தப் பீட்சா, மற்றது எங்கள் அணி. கொழும்பில் விற்பது பாணுக்கு மேலே சீஸ் பூசினது என்பார்கள், கொழும்புக்கே போகாதவர்களும். ஊருக்குள் திரிகிற பஸ் நிலையத்து மான்கள்கூட எங்கள் பேக்கரிப் பெட்டியைத்தான் தேடித் தின்னும் என்று ஓட்டோக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அணியும் அப்படித்தான். நாடு முழுக்க நடக்கிற தொடரில் எங்கள் பெடியன்களும் விளையாடுகிறார்கள். தோற்றால் மத்தியஸ்தர் பிழை, வென்றால் எங்கள் கடல் காற்று.

வெளியூர் அணி வந்தால், வென்றாலும் தோற்றாலும், பஸ் ஏறும்போது ஆளுக்கொரு சின்னப் பீட்சாப் பெட்டி கொடுத்து அனுப்புவது வழக்கம். "ஏய் கொழும்பு, அழாத, பீட்சாவைத் திண்டு ஆறு" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். ஒருவனுக்கு மட்டும் பெட்டி கிடையாது. எங்கள் பக்கத்தில் பிறந்து, சம்பளத்துக்குக் கொழும்பு அணிக்குப் போய், அவர்களின் சட்டையோடு திரும்பி வருகிறவனுக்கு. போன வருடம் அப்படி ஒருவன் வந்தான். பக்கத்துத் திரியாய் ஊர்ப் பெடியன். பெட்டி கொடுத்துக்கொண்டு வந்தவன் அண்ணாதான். அவனுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, தாண்டி அடுத்தவனுக்குக் கொடுத்தான்.

"உனக்குத்தான் கொழும்பில இருக்கே மச்சான்" என்றான்.

மைதானமே விசிலடித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெடியன் பஸ் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எங்கள் அப்பாவும் கொழும்புக்குப் போனவர்தான். வேலைக்கென்று போனவர் திரும்பவில்லை. நான் அப்போது தவழ்கிற பிள்ளை. அதனால் வீட்டில் கொழும்பு என்றாலே அம்மாவின் முகம் மாறும். செத்த வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்.

"தகப்பன் மாதிரி இல்ல என்ர பிள்ளை. எங்களை விட்டுட்டு ஒரு இடமும் போகாதவன்."

அண்ணா அன்று விடிய எழும்பி, கந்தளாயில் எருமைப்பால் சீஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனான். மழை. ஒரு லொறி. அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள். விழுந்து கிடந்த இடம் கந்தளாயைத் தாண்டி, ஹபரணைப் பக்கம். கந்தளாய்க்குப் போனவன் கந்தளாயைத் தாண்டி ஏன் போனான் என்று நான் மாமாவிடம் கேட்டேன். "பால்காரன் அங்கால இருந்திருப்பான், விடு" என்றார். விட்டேன். அந்த நேரம் என் புத்தி முழுக்க நானாவிலேயே இருந்தது.

ஏனென்றால் எட்டுச் செலவு முடிந்த அடுத்த கிழமையே பேக்கரியில் பீட்சா திரும்பவும் விற்கத் தொடங்கிவிட்டது. செய்கிறவர் நானா. ஊர்ச் சனம் வரிசையில் நின்றது. "அதே ருசி, பெடியன் விட்டுட்டுப் போனாலும் ருசி போகல்ல" என்று எனக்கே வந்து சொன்னார்கள்.  பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் திருடியிருக்கிறார், கூட்டாளி செத்து மண் காயவில்லை, அதற்குள் விற்கிறார் என்று நினைத்தேன்.

பெரியம்மாவிடம் மட்டும் சாடையாகச் சொன்னேன். கத்தரிக்காயைச் சொல்லவில்லை, சோஸைக் களவெடுத்துவிட்டார் என்று மட்டும்.

"அந்தப் பக்கத்து ஆக்களை நம்பேலாது பிள்ளை" என்றார் பெரியம்மா.

அந்தக் கதை பிழை என்று எனக்குத் தெரியும். அண்ணா இருந்திருந்தால் பெரியம்மாவோடு சண்டைக்கு நின்றிருப்பான். நான் பேசாமல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்து பேக்கரிக்குப் போவேன். ஒரு துண்டு வாங்கி, மேலே உள்ளதை வழித்துவிட்டு, சோஸை விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"சோஸ் நல்லாயிருக்கு நானா. என்ன போடுறீங்கள்?"

"தக்காளிதான். வேற என்ன" என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பொய்யும் சொல்கிறார் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

பிறகு உதைபந்துக் கழகச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். தொடரின் முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், கொழும்பு அணியோடு. அண்ணாவின் படத்தை அச்சடித்துப் பெரிய பதாகை ஒன்று கட்டப் போகிறார்கள். ஆட்டம் தொடங்க முதல் அதை நானா தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார். படத்துக்குக் கீழே போட ஒரு வசனமும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'ஊரை விட்டுப் போகாத வீரன்.' அம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணா போன பிறகு அம்மாவின் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் கண்டேன்.

எனக்கோ, அண்ணாவைக் களவெடுத்த ஆளே அண்ணாவைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதா என்று வந்தது. அடுத்த நாள் மத்தியானம் கடையில் அரை நாள் கேட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போனேன்.

பாண் இறக்கி முடிந்திருந்தது. நானா தனியாக நின்றார். போறணை வாயில், சாம்பலுக்குள், நாலு கத்தரிக்காய் கறுத்துப்போய்க் கிடந்தன.

"அது என்ன?"

"கத்தரிக்கா. வீட்டுக்கு."

"கிண்ணியாவில அடுப்பு இல்லையோ?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"களவெடுத்தனீங்கள் என்ன? அது எனக்கும் அண்ணாவுக்கும் மட்டும் தெரிஞ்சது."

பாண் தள்ளுகிற நீட்டுப் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆச்சரியப்பட்டார்.

"உனக்கும் தெரியுமா? என்னட்ட, இது ஒருத்தருக்கும் தெரியா, செத்தாலும் சொல்லாதே எண்டு சத்தியம் வாங்கினானே. தங்கச்சி, நான் களவெடுக்கல்ல. ரெண்டு கிழம நிப்பாட்டி வெச்சிப் படிப்பிச்சான். மூணு தரம் கரிச்சிட்டன். மாடு மாடு எண்டு ஏசினான். நாலாந் தரம்தான் சரி வந்திச்சி."

"எப்ப?"

"அவன் மௌத்தாக முன்னுக்குத்தான். அந்த மாசம்."

அண்ணா சாவதற்குக் கொஞ்ச நாள் முன். பக்கத்தில் கிடந்த மாச் சாக்கில் இருந்துவிட்டேன். நாலு மாதம் நான் பிழையான கேள்வியைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். எப்படித் தெரியும் என்பதில்லை கேள்வி.

"ஏன் படிப்பிச்சவன்?"

"சும்மா."

"அவன் சும்மா படிப்பிக்கிற ஆளில்லை நானா. எனக்கே மூண்டு வருசம் கழிச்சுத்தான் சொன்னவன். கந்தளாயைத் தாண்டி எங்க போனவன்?"

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொழும்பு டீம்ல கூப்பிட்டாங்க. அண்டைக்கு அந்த ரோட்டாலதான் கொழும்புக்கு விளையாடிக் காட்டப் போனான். எடுத்தா அங்கயே சம்பளத்துக்கு நிக்கிற. போறணை அவிஞ்சிரக் கூடாதெண்டுதான் எனக்குப் படிப்பிச்சான்."

"எங்களுக்கு ஏன் சொல்லயில்ல?"

"எப்படிச் சொல்ற? ஊருக்கு முன்னால அந்தத் திரியாய்ப் பெடியனுக்குப் பெட்டி குடுக்காம விட்டவன். அதுக்குப் பிறகு ஒரு மாசம் அவன் நித்திரையே கொள்ளல்ல."

 எனக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போறதாச் சொன்னவனா?"

"ஓம் ஓம், சொன்னான்" என்றார். உடனே சொன்னார். அவ்வளவு கெதியாக.

"நானா."

அவர் கையில் ஒட்டியிருந்த மாவை உரசினார். உரசிக்கொண்டே இருந்தார்.

"இல்ல தங்கச்சி. அதப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. அந்த டீம்ட மைதானத்தில புல்லு எப்படி, லைட் எப்படி, அதத்தான் கதைச்சிக்கிட்டு இருந்தான். சந்தோசமா இருந்தான்."

சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. கடற்கரை வழியே நடந்து வீட்டுக்கு வந்தேன். முதலில் அண்ணா மேல் கோபம். கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா என்று என்னையே கேட்டேன். விட்டிருக்கமாட்டேன். அம்மாவைக் காட்டிக் காட்டி அழுதே நிறுத்தியிருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் அம்மா செயலாளர் தந்த தாளை வைத்துக்கொண்டு இருந்தார்.

"நாளைக்கு அச்சுக்குக் குடுக்கினமாம். வசனம் சரிதானே எண்டு கேட்டவர்" என்றார்.

"பேரையும் படத்தையும் மட்டும் போடச் சொல்லுங்கோ அம்மா."

"ஏன்? நல்ல வசனந்தானே."

"வேண்டாம் அம்மா. பேர் மட்டும் காணும்."

அம்மா தாளைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார், ஓரமெல்லாம் பேக்கரி மாவு.

"எங்க போட்டு வாறாய்?"

"தையல் கடையில இருந்து."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் செயலாளர் வந்தபோது, பேர் மட்டும் போடுங்கோ என்று தானே சொன்னார், ஏன் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனார். அன்றிலிருந்து நான் வெளியே போய் வரும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்க்கிறார். நான் நானாவைப் பார்த்த அதே பார்வை. ஒரு நாள் கேட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. கேட்கமாட்டார் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.