வெள்ளக்கோட்டுக்கு மேலே

விசாரணை நாள் காலையில் ஆர்லிஸ் ஹாகன் தன் காபியில் இரண்டாவது தடவையும் சர்க்கரை போட்டாள். எதிரே இருந்த கெர்மிட் அவள் கரண்டி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, தேனீ வளர்க்கப் போறியா?”

“சும்மா இரு. பேசப் போறது நான். உனக்கென்ன?”

“நீ பேசப் போறதுதான் பயமா இருக்கு.”

பக்கவாதம் வந்ததிலிருந்து கெர்மிட்டின் வாயில் ஒரு ஓரம்தான் சிரிக்கும். அந்த ஓரம் இப்போது சிரித்தது. ஆர்லிஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷ மணவாழ்க்கையில் அவரிடம் மறைத்த விஷயங்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை. இப்போது ஒன்று இருந்தது.

மாண்டானாவின் அந்தப் பகுதியில் ஓடைச் சட்டத்தை யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, அது காலுக்குத் தெரிந்திருக்கும். நிலம் யாருடையதானாலும் ஓடும் தண்ணீரில் எவரும் இறங்கி நடக்கலாம். பனி உருகி வரும் வெள்ளம் வடியும்போது கரையில் ஒரு கோடு விட்டுப் போகும். கோட்டுக்குக் கீழே கூழாங்கல், மேலே புல். கல் எல்லோருக்கும், புல் சொந்தக்காரருக்கு.

லாட்னர் ஓடை ட்வைட் குடும்பத்தின் பண்ணை வழியாக ஓடிய காலத்தில் இதைப் பற்றி ஒரு பேச்சு எழுந்ததில்லை. அவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் எப்போதாவது சொந்த விமானத்தில் வந்து இறங்குகிறவர். அவர் வந்த வருஷமே மாவட்டச் சாலைப் பாலத்தின் தூண்களோடு சேர்த்து முள்கம்பி இழுக்கப்பட்டது. கம்பங்களின் தலையில் ஆரஞ்சு வண்ணம் பூசினார்கள். அந்த ஊரில் ஆரஞ்சு வண்ணம் பூசிவிட்டால் ‘உள்ளே வராதே’ என்று எழுத வேண்டியதில்லை.

ஓடைக்குள் இறங்க மற்றவர்களுக்கு வேறு இடங்கள் இருந்தன. கெர்மிட்டுக்கு இல்லை. பாலத்தடியில் மட்டும்தான் சரிவு மெதுவாக இறங்கி ஒரு சரளைத் திட்டில் முடியும். கைத்தடியை ஊன்றி இறங்கி, மடக்கு நாற்காலியைக் கணுக்கால் தண்ணீரில் போட்டு, நல்ல கையால் தூண்டில் வீசுவார். பக்கவாதம் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் விட்டது அது ஒன்றுதான். அதை முள்கம்பி பிடுங்கிக்கொண்டது.

வேலியில் ஒரு சின்ன கேட் வைக்க வேண்டும் என்று மீன்பிடிப்போர் சங்கம் மாவட்ட ஆணையர்களிடம் முறையிட்டது. வழி விட்டால் இவர்கள் தண்ணீரோடு நிற்க மாட்டார்கள், பண்ணை முழுக்க மேய்வார்கள் என்றார் பண்ணைக்காரரின் வழக்கறிஞர். சங்கத் தலைவர் லோவல் ஆர்லிஸைத் தேடி வந்தார். மாவட்டத்தில் பாதிப் பேர் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் வளர்ந்தவர்கள், அவள் சொன்னால் நம்புவார்கள்.

“நீ ஒண்ணு சொன்னா போதும் ஆர்லிஸ். இத்தனை வருஷத்துல கோட்டுக்கு மேல கால் வச்சதில்லன்னு.”

“வச்சதில்லையே,” என்றாள். அன்றைக்கு அது உண்மை.

அடுத்த வாரம் கெர்மிட் கேட்டார்: “வெள்ளம் வடிஞ்சிருச்சே, நம்ம திட்டு இருக்கா போயிருச்சான்னு பாத்துட்டு வாயேன்.” அவள் ஊர்ப் பூங்காவில் இறங்கித் தண்ணீரிலேயே மேல்நோக்கி நடந்தாள். பாலத்துக்குச் சற்று முன்னால், கரைமேல் பண்ணையின் கம்பிக் கேட் திறந்து கிடந்தது. கிடாரி மாடுகள் கூட்டமாக அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலையின் வளைவு. சரளை லாரிகள் வேகம் குறைக்காமல் வரும் வளைவு அது. அந்த வளைவில் எத்தனை தடவை பேருந்தின் பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவள் யோசிக்கவில்லை. கரை ஏறினாள், புல்லைக் கடந்தாள், கேட்டை இழுத்துச் சாத்தினாள். கம்பி வளையத்தைக் கம்பத்தில் மாட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் பின்னால் காட்டன்வுட் மரத்தில் கட்டியிருந்த கேமராப் பெட்டியைக் கண்டாள். தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பினாள்.

மறுநாள் தீவனக் கடையில் மீதிக் கதையைக் கேட்டாள். பண்ணை மேலாள் கோல்பி, கிடாரிகளைச் சாலை தாண்டி அடுத்த மேய்ச்சலுக்கு ஓட்டத்தான் கேட்டைத் திறந்து வைத்திருந்தானாம். வளைவுக்கு அப்பால் லாரிகளை நிறுத்த ஆளும் போட்டிருந்தானாம். வந்து பார்த்தால் கேட் மூடிக் கிடக்கிறது. பின்னாலிருந்து மந்தை நெருக்க, முன்னால் நின்றவை முள்கம்பியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. ஒரு கிடாரிக்குக் கால் கிழிந்துவிட்டது. “கேட்டைத் திறக்கவே மறந்துட்டான்னு முதலாளி குதிக்கிறாராம்,” என்றான் கடைக்காரன். ஆர்லிஸ் தேவையே இல்லாத ஒரு மாட்டு உப்புக்கட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் ஏறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் சொன்ன பண்ணைப் பாடம் ஒன்றே ஒன்று. கேட்டை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுப் போ, திறந்தவனுக்குக் காரணம் இருக்கும். அதைத்தான் அவள் மீறியிருந்தாள். அதன் பிறகு தொலைபேசி அடித்தால் கெர்மிட்டுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தாள். வீட்டு வழியே ஷெரிஃபின் கார் போனால், அது திருப்பம் தாண்டும்வரை ஜன்னலோரம் நின்றாள். கெர்மிட்டிடம் திட்டு பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் சொன்னாள்.

விசாரணைக்குச் சற்று முன்னால், மாவட்ட அலுவலகத் தாழ்வாரத்தில் கோல்பி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“மிஸஸ் ஹாகன்.”

“கிடாரிக்குக் கால் எப்படி இருக்கு?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது புரிந்தது.

அவன் ஆச்சரியப்படவில்லை. “ஆறிட்டு வருது. கொஞ்சம் நொண்டும். கேமராவுல ஒரு படம் இருந்துச்சு. ஒரு தொப்பி, ஒரு முதுகு, அவ்வளவுதான். ஆனா அந்த முதுகுக்குப் பின்னாலதானே பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் உக்காந்து வந்தேன்.”

“உன் முதலாளி பாத்தாரா?”

“இல்ல. அழிச்சிட்டேன்.”

“உன் வேலை?”

“இந்த சீசன் முடியட்டும், பாக்கலாம்ங்கிறார். குடியிருக்கிற வீடும் அவரோடதுதான்.” தொப்பியின் விளிம்பைத் தடவினான். “போகட்டும் விடுங்க.”

“ஏண்டா அழிச்ச?”

“நான் தினம் பஸ்ஸுல வாந்தி எடுத்தத நீங்க யார்கிட்டயும் சொல்லலியே.”

உள்ளே அழைத்தார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று ஆணையர்கள். முன்வரிசையில் கெர்மிட், தடி இரண்டு முழங்காலுக்கும் நடுவில். கடைசி வரிசையில் கோல்பி. லோவல் கேட்டதற்கெல்லாம் ஆர்லிஸ் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு வழக்கறிஞர் எழுந்தார். கனிவான குரல்.

“தண்ணியில நடக்கறவங்க கோட்டைத் தாண்ட மாட்டாங்கன்னு உங்க சங்கம் சொல்லுது. நீங்க தாண்டினதே இல்லையா?”

ஒரே ஒரு ‘இல்லை’ போதும். படம் இல்லை, சாட்சி இல்லை. சொல்லிவிட்டால் கெர்மிட்டின் நாற்காலி இந்தக் கோடையிலேயே தண்ணீரில் நிற்கும். கடைசி வரிசையில் கோல்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு தடவை தாண்டியிருக்கேன்,” என்றாள்.

லோவலின் நாற்காலி கிரீச்சிட்டது.

“கிடாரிங்க ரோட்டுக்குப் போகுதுன்னு நெனச்சு, மேல ஏறிப் போய்க் கேட்டைச் சாத்திட்டேன். கோல்பி மறக்கல. அவன் திறந்துதான் வச்சிருந்தான். கெடுத்தது நான்.”

“அப்போ நாளைக்கு அங்க ஒரு கேட் வச்சா, ஜனங்க அதைத் திறந்து போடமாட்டாங்க, தப்பாச் சாத்தமாட்டாங்கன்னு உங்களால உறுதி சொல்ல முடியுமா?”

“எப்படிச் சொல்ல முடியும்? நானே சாத்தியிருக்கேனே.”

ஆணையர்களில் ஒருவர் மாடு வளர்க்கிறவர். கழுத்தைச் சொறிந்துகொண்டார். “எங்க அம்மாவா இருந்தாலும் அந்தக் கேட்டைச் சாத்தியிருப்பாங்க. அதான் பிரச்சினை.”

மதியத்துக்குப் பிறகு முடிவைச் சொன்னார்கள். தண்ணீர் பொது, ஆகவே பாலத்தடியில் பண்ணைக்காரர் வழி விட்டே ஆக வேண்டும். ஆனால் மாடு நிற்கிற நிலம் என்பதால் கேட் வேண்டாம். வேலியைத் தாண்டி ஏறி இறங்க ஒரு ஏணிப்படி போதும். கூடம் கைதட்டியது. லோவல் வந்து அவள் தோளை உலுக்கினார். ஆர்லிஸ் பக்கவாதம் இழுத்த கெர்மிட்டின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கேட்டார், “என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, வாயைத் திறக்காதேன்னிருப்ப.”

“ஆமா,” என்றார் கெர்மிட். சற்று தூரம் போனதும், “அதை நான் சொல்ல வேண்டியில்லாமப் போச்சே, நல்லதுதான்,” என்றார்.

ஏணிப்படியைச் செய்தது கோல்பிதான். அவன் வேலையும் வீடும் தப்பியிருந்தன. படிகளை அகலமாக வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டு, சிராய் இல்லாமல் தேய்த்திருந்தான். கெர்மிட் வலது காலை முதல் படியில் வைத்தார். இடது கால் மண்ணைவிட்டு எழவில்லை. ஆர்லிஸ் குனிந்து அதைத் தூக்கி வைத்தாள், அது வழுக்கிக் கீழே வந்தது. இன்னொரு தடவை. கோல்பி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த ஆணியை அடித்துக்கொண்டே இருந்தான்.

“போதும்,” என்றார் கெர்மிட். “நாற்காலியைப் பாலத்து மேல போடு. டப்பாவுல மண்புழு கொஞ்சம் எடுத்துக்கோ.”

“பாலத்து மேல உக்காந்து புழு போடுறவனையெல்லாம் நீ என்ன பேச்சு பேசியிருக்க.”

“யாராவது உயிரோட இருந்தா மன்னிப்பு கேட்டுக்கிறேன்.”

பாலம் குறுகல். ஆர்லிஸ் தங்கள் வண்டியை அவருக்குப் பின்னால் ஓரமாக நிறுத்தி, விளக்குகளை விட்டு விட்டு எரிய வைத்தாள். வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும், தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சுச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, ஏணிப்படி ஏறி இறங்கித் தண்ணீருக்குள் போய் நின்றாள்.

“அந்தக் கல்லுக்குப் பின்னால வீசு,” என்று மேலிருந்து குரல் வந்தது. “அதுக்கும் பின்னால. உனக்குச் சொல்றதுக்குப் புழுவுக்குச் சொல்லலாம்.”

அவள் வீசினாள். மீன் கவ்வியது, விட்டுவிட்டுப் போனது. அவள் காது மேலே இருந்தது. வளைவில் ஒரு சரளை லாரி கியர் மாற்றுவது கேட்டது. பாலத்துப் பலகைகள் அதிர்ந்தன. இடுக்குகள் வழியாகத் தூசி இறங்கித் தண்ணீரில் படிந்தது. மேலிருந்து தொங்கிய கெர்மிட்டின் தூண்டில் நூலை அவள் பார்த்தாள்.

லாரி கடந்து போன பிறகும் அவர் கை அதை ஆட்டிக்கொண்டிருந்தது. மூச்சை விட்டாள். வளைவில் அடுத்த லாரியின் சத்தம் கேட்கத் தொடங்கியது.