தில்காவின் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த குளிர்காலம்

தில்கா இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நூற்று நாற்பது வாய்களுக்குக் குழம்பு கிளறியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே, முப்பது வயதான ஒரு மோட்டார்ஹோமை வாங்கி வாசலில் நிறுத்தினாள். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. "இந்தக் காசுக்கு ஒரு கல்யாணம் பண்ணிக்காம இதை ஏண்டி வாங்கினே?" என்று அக்கா லீஸிகா கேட்டதற்கு, "இதுக்கு பிரேக்காவது இருக்கே!" என்றாள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் குளிர்காலத்தை விரட்ட வேஷம் கட்டுகிற ஊரின் ஆறு குரெந்த்களும் அந்த வண்டியில்தான் ப்துய் நகரத்து ஊர்வலத்துக்குப் போவார்கள். சடைசடையான ஆட்டுத்தோல், இடுப்பில் ஐந்து மாட்டுமணி, நாக்கைத் தொங்கப்போட்ட முகமூடி. இவர்கள் குதிக்கிற குதியில் குளிர்காலம் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவிடும். எட்டு வருடமாக அவர்களை ஏற்றி இறக்கினவள் தில்கா. தோலை ஒருநாளாவது தானும் மாட்டிக்கொண்டு குதிக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சுக்குள் மணியடித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் அந்த ஆறு பேரில் யாங்கோ பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஒரு தோல் மிச்சம். குழுவின் தலைவர் லுட்விக், லீஸிகாவின் புருஷன், தில்காவுக்கு அத்தான். ஆள் நல்லவர்தான், ஆனால் பிடி கொடுக்கமாட்டார்.

"வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரட்டும் கொழுந்தியா, அப்புறம் பாக்கலாம். வண்டி மக்கர் பண்ணிச்சுன்னா தீயணைப்புக்காரங்க வேனை வரச் சொல்லிடுவேன். அதை ஓட்டிக்கிட்டு ஸ்தானே வருவான். தோலு அவனுக்குப் போயிடும், ஆமா."

ஊர்வலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பக்கத்து ஊர்களில் வீடுவீடாக ஆடிவிட்டுத் திரும்பும்போதுதான் வினை வந்தது. முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து பால்போல வெளுத்துவிட்டது. துணியால் துடைத்தால் எண்ணெய் பூசினமாதிரி இழுத்தது. தில்கா பக்கத்து ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினாள். அவள் மூக்கு நுனியில் பனிக்கட்டி முளைத்ததாகவும், அதில் ஒரு சிட்டுக்குருவி உட்கார்ந்து ஊர் எல்லைவரை கூடவே வந்ததாகவும் சொல்கிறார்கள். குருவியை ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேரும் குடித்திருந்தார்கள்.

வண்டி நின்றதும் பார்த்தால், பக்கத்து இருக்கையின் காலடியில் பிசுபிசுவென்று ஈரம். இனிப்பு வாடை வேறு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்து ஈரத்தோல் மூச்சு விட்டால் கண்ணாடி வெளுக்காமல் என்ன செய்யும்? பண்டிகைக்குத் தில்காவே சுட்ட தொண்ணூறு க்ரோஃபி இனிப்பு உருண்டைகளையும் உள்ளே உட்கார்ந்துதானே தின்றார்கள்? உருண்டைக்குள் வைத்த ஜாம் ஒழுகியிருக்கும். தில்காவும் அப்படித்தான் நினைத்து வாளியும் துணியுமாக வந்தாள்.

"அடடா, வீணாப் போகுதே" என்று லுட்விக் குனிந்து, ஈரத்தை விரலால் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

தில்கா அந்தக் கையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"ஆ! ஒரு சொட்டு ஜாமுக்கு இவ்ளோ கஞ்சத்தனமா?"

"நான் வச்சது ஆப்ரிகாட் ஜாம் அத்தான், மஞ்சளா இருக்கும். உங்க விரலைப் பாருங்க, ரோஸ் கலரு! அது எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி. விஷம்! போய் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

வாசலில் நின்ற லீஸிகா விடவில்லை. "நாப்பது வருஷமா ஆக்கிப் போடறேன், ஒருநாளாவது இப்படி ஆசையா நக்கியிருக்கீங்களா?"

டிராக்டர் மெக்கானிக் வின்கோவைக் கூப்பிட்டார்கள். அவன் தலையை உள்ளே விட்டான், முகர்ந்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"எஞ்சின்ல சூடான தண்ணி இந்த டாஷ்போர்டுக்குப் பின்னால ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வரும் அக்கா. அதுதான் ஹீட்டரு. அது ஓட்டையாயிடுச்சு. டாஷ்போர்டு மொத்தத்தையும் பேத்தெடுக்கணும், ரெண்டு நாள் வேலை. பண்டிகை முடிஞ்சு சாம்பல் புதனுக்கு அப்புறம் கொண்டாங்க."

லுட்விக் கழுவின கையோடு போனை எடுத்தார். "அப்ப ஸ்தானேகிட்ட..."

"நாளைக்குக் காலையில எட்டு மணி வரைக்கும் அதைத் தொட்டீங்க, கையிலயே அடுத்த போடு விழும்" என்றாள் தில்கா.

சட்டி ஒழுகினால் சட்டி ஓட்டையா, மூடி சரியில்லையா என்று பார்க்காமல் சட்டியைத் தூக்கி எறிகிறவள் சமையல்காரியா? அவள் இருக்கையின் காலடியில் கிடந்த கால்மிதியை உருவினாள். ஈரத்தையெல்லாம் ஒற்றி எடுத்தாள். டாஷ்போர்டுப் பெட்டிக்குக் கீழே இருந்த மூடியின் நாலு திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே குட்டி ரேடியேட்டரின் ஓரமும், அதில் வந்து சேரும் இரண்டு குழாய்களும் தெரிந்தன. சமையலறைக் காகிதத்தைப் பட்டைபட்டையாகக் கிழித்து ரேடியேட்டரில் ஒன்று, மேல்குழாய் இணைப்பில் ஒன்று, கீழ்க்குழாய் இணைப்பில் ஒன்று என்று சுற்றினாள்.

"என்னக்கா, ரேடியேட்டருக்குக் கட்டுப் போடறீங்களா?" என்று வின்கோ சிரித்தான்.

"பச்சத் தண்ணி பொங்குமாடா? எஞ்சினைப் போட்டுச் சூடாக்கு. ஹீட்டரை முழுசாத் திற."

கால் மணி நேரம் ஆயிற்று. ரேடியேட்டரில் சுற்றின காகிதம் காய்ந்தபடியே இருந்தது. கீழ் இணைப்பிலும் ஒன்றுமில்லை. மேல் இணைப்பில் சுற்றினது மட்டும் மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறி, நுனியில் ஒரு சொட்டுத் திரண்டது.

வின்கோவின் சிரிப்பு அடங்கியது. "ரேடியேட்டரு நல்லாத்தான் இருக்கு! மூட்டுலதான் கசிவு!" உடனே ஸ்பேனரைத் தூக்கினான். தில்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொதிக்கிற குக்கரைத் திறந்து மூஞ்சியை அவிச்சுக்கப் போறியா? ஆறட்டும்."

ஆறுகிறவரை மிச்சமிருந்த க்ரோஃபிகளைத் தின்றார்கள். பிறகு தண்ணீர் கொட்டாதபடி இரண்டு ரப்பர் குழாய்களையும் கிடுக்கியால் நெரித்து, மேல்குழாயை உருவினார்கள். இணைப்புக்குள்ளிருந்த ரப்பர் வளையம் போன வாரத்து ரொட்டி ஓரம்போல இறுகி, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. டாஷ்போர்டு முழுவதையும் பேர்த்தெடுக்கச் சொன்ன நோய் இவ்வளவுதான்: சுண்டுவிரல் மோதிரம் அளவு ரப்பர்.

வின்கோ டிராக்டர் வளையங்கள் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தான். "சுடுதண்ணி தாங்குறதாக் குடு, எண்ணெய்க்குப் போடறது வேண்டாம்" என்று அவள் பொறுக்கினாள். மூன்றாவது வளையம் சிக்கென்று உட்கார்ந்தது. கீழ் இணைப்புக்கும் ஒன்று புதிதாகப் போட்டாள். மூத்தது போனால் இளையதும் பின்னாலேயே போகும். தண்ணீரை நிரப்பி, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி எஞ்சினைப் போட்டார்கள். உள்ளே சிக்கின காற்று ஆறு பன்றிகள் ஒன்றாக ஏப்பம் விட்டமாதிரி வெளியேறியது. புதிதாகச் சுற்றின காகிதம் பொழுது சாயும்வரை நனையவே இல்லை.

மறுநாள் லுட்விக் முன்னிருக்கையில், தோலும் மணியுமாக ஒரு குட்டி மலைபோல உட்கார்ந்தார். பின்னால் நாலு பேர். மிச்சத் தோல் கட்டிலின் மேல். வெளியே உறைபனி. கண்ணாடி துடைத்துவைத்த தட்டுமாதிரி பளபளத்தது.

லுட்விக்குக்குப் பொறுக்கவில்லை. முன்னால் குனிந்து கண்ணாடியில் "ஹா... ஹா..." என்று ஊதினார். படிந்த ஆவி அடுத்த நொடியே போயிற்று. மறுபடி ஊதினார்.

"அத்தான், கண்ணாடிக்கு மந்திரிக்கிறீங்களா?"

"அது... கெட்டியா இருக்கான்னு பாத்தேன்."

தில்கா ஹீட்டரை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். ஆட்டுத்தோலுக்குள் லுட்விக் வேக ஆரம்பித்தார். முதலில் கழுத்து சிவந்தது, பிறகு காது. அவர் மீசையிலிருந்து சொட்டின வேர்வையில் ஒரு கோழியை வேகவைத்திருக்கலாம்.

"கொழுந்தியா, கொஞ்சம் குறையேன்."

"குறைக்கலாமே. கட்டில் மேல கிடக்கிற தோலு யாருக்கு?"

"ஊர் வந்ததும் பேசிக்கலாம்..."

தில்கா திருகியைக் கடைசிவரை திருப்பினாள்.

"உனக்குத்தான்! உனக்குத்தான், தாயே!" என்று கத்தினார் லுட்விக். பின்னால் நாலு பேரும் மணியைக் குலுக்கிக் கும்மாளம் போட்டார்கள்.

ப்துய் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, தில்கா அந்த முப்பத்தைந்து கிலோத் தோலையும் மணியையும் தோளில் ஏற்றிக்கொண்டாள். முதல் குதியில் முட்டி முறைத்துக்கொண்டது. இரண்டாவதில் வழிக்கு வந்தது. மூன்றாவதில் சதுக்கத்துப் புறாக்கள் எழுந்து ஆஸ்திரியா பக்கம் போய்விட்டன.

குரெந்த்களுக்குப் பெண்கள் கைக்குட்டை கட்டுவது அங்கே வழக்கம். லீஸிகா பூப்போட்ட கைக்குட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். லுட்விக் இடுப்பை முன்னால் நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய்த் தங்கையின் இடுப்பில் அதைக் கட்டினாள்.

"யாரய்யா அது, உங்க குழுவிலயே ஒசரமாக் குதிக்கிற ஆளு?" என்று பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் லுட்விக்கைக் கேட்டார்.

லுட்விக் முகமூடியைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டார். "அவளா? எங்க வீட்டு ஆளு" என்றார். பிறகு, அதைவிட ஒசரமாக ஒரு குதி குதிக்க முடியுமா என்று பார்க்கப் போனார். முடியவில்லை.